பள்ளிகொண்ட மெக்கானிக்

மெக்கானிக் பின்மூடியின் ஏழு திருகுகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய சாக்கை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, சலவை இயந்திரத்தின் முதுகுக்குள் தலையை நுழைக்கிறார். வீட்டுக்காரர் பதறிப்போகிறார்.

"இருங்க, இருங்க. ரெண்டு பேருமாச் சேர்ந்து சாய்ச்சு வெச்சுடலாம். எதுக்குத் தரையில படுக்கறீங்க?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

"அது நிக்கட்டும். நான் படுத்துக்கறேன்."

ஆளுக்கு வயது ஐம்பத்தாறு. முழங்கால்களுக்கு எழுபது இருக்கும். படுப்பதற்கு முன் ஒரு கையால் இயந்திரத்தைப் பிடித்து, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை என்ன செய்வதென்று சற்று யோசித்து, கடைசியில் மூட்டை இறக்குவதுபோலத் தன்னைத்தானே இறக்கிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். உதிரிபாகக் கடைக்காரர் இரண்டாவது வகை. "பள்ளிகொண்டார்" என்று அவர்தான் பெயர் வைத்தார். இவர் தோளில் வயர்ச்சுருளோடு கடைப்படி ஏறினால், "வாங்க வாங்க, பாம்பையும் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார். "வீட்டுக்குப் போனாலாவது கட்டில்ல படுக்கறீங்களா, இல்ல கட்டிலுக்கு அடியிலயா?"

இவர் சிரிக்கமாட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார். "மோட்டார் கார்பன் ஒரு ஜோடி குடுங்க" என்பார்.

இயந்திரத்தின் முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னி மின்னி அணைந்தால், பாதிப்பேர் இவரைக் கூப்பிடுவதற்கு முன்பே படித்து முடித்திருப்பார்கள். "மோட்டார் கன்ட்ரோல் கோளாறாம். போர்டு போயிருக்கும்னு நெட்ல போட்டிருக்கு" என்று கைபேசியை நீட்டுவார்கள். இவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார்.

"எழுத்து வலியத்தான் சொல்லும். வியாதிய நாமதான் தேடணும். வயித்துவலின்னு போனா வயித்தையேவா மாத்துறாங்க?"

என்ன ஆச்சு என்று அவர் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "எப்போ நிக்குது?" தண்ணீர் நிரம்பும்போதா, முதல் சுற்றிலா, பிழியும்போதா? அந்த வீட்டு அம்மாள் கைகளால் சுற்றிக் காட்டுவார். "ரெண்டு தடவை மெதுவாச் சுத்துது. அப்புறம் பேய் பிடிச்ச மாதிரி ஒரு ஓட்டம். அப்படியே நின்னுடுது." இவர் தலையசைப்பார். டிரம்மைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்பார். கார்பன் தேய்ந்திருந்தால் சிலேட்டில் கல்குச்சி கீறுகிற சத்தம் வரும். வராவிட்டால் சாக்கை விரிப்பார்.

அந்த அம்மாளுக்கு விளக்கம் சொல்வது படுத்தபடியேதான்.

"மோட்டார் மருமக. போர்டு மாமியார். நடுவுல ஒரு கோள்சொல்லி இருக்கு, மோட்டார் முதுகுல ஒட்டிக்கிட்டு, சின்னதா ஒரு சுருள். மருமக என்ன வேகத்துல சுத்துறான்னு நொடிக்கு நொடி மாமியார்கிட்டப் போட்டுக்குடுக்கிறதுதான் அதுக்கு வேலை. கோள்சொல்லி வாயை மூடிட்டா மாமியாருக்குச் சந்தேகம் வந்துடும். ஒண்ணும் நடக்கலையோன்னு மருமகள விரட்டும். அப்பவும் சேதி வரலேன்னா, எக்கேடோ கெட்டுப் போங்கன்னு கதவைச் சாத்திட்டு எழுத்தைக் காட்டும்."

"அப்போ மாமியார் மேல தப்பில்லையா?"

"பத்துக்கு எட்டு தடவை இல்லீங்க. சேதி வராததுதான் தப்பு."

அடுத்த அறையில் நிஜ மாமியார் யாராவது இருந்தால் அந்த இடத்தில் ஒரு இருமல் கேட்கும்.

பிறகு பேச்சு நின்றுவிடும். மீட்டரின் இரண்டு கவ்விகளையும் வயரின் இரு முனைகளில் மாட்டுவார். தொடர்ச்சி அறாமல் இருந்தால் மீட்டர் ஒரே சுருதியில் கத்தும். அது கத்திக்கொண்டிருக்க, கறுப்பு நாடா சுற்றிய வயர்க்கட்டை விரல்நுனியால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போவார். நாடி பார்க்கும் வைத்தியர் இவ்வளவு பொறுமையாகப் பார்த்தால் நோயாளி எழுந்து போய்விடுவார். "முன்னால நின்னு டிரம்மை லேசா ஆட்டுங்க" என்பார். "விழப்போற பல்லை நாக்கால ஆட்டுவோமே, அந்த அளவுக்கு." வீட்டுக்காரர் ஆட்டுவார். ஓரிடத்தில் மீட்டரின் சத்தம் சட்டென்று அறுந்து, மறுபடி ஒட்டும்.

"விட்டுச்சு பாருங்க."

வெளியே உறை முழுசாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும். தொட்டி ஆயிரம் தடவை குலுங்கிக் குலுங்கி, வளைகிற இடத்தில் வயரை அறுத்திருக்கும். பிழை கையில் அகப்பட்டால் எந்தத் தொழில்காரர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். இவருக்கு அப்போதுதான் முகம் வாடும். வீட்டுக்காரர்கள் இதைக் கவனித்து, பெரிய செலவாக்கும் என்று பயந்துவிடுவதும் உண்டு. "ஒண்ணும் இல்லீங்க, அரை அங்குல வயர்" என்பார். அதையும் இழவு சொல்லப் போனவர் மாதிரித்தான் சொல்வார்.

இவருக்கு இன்னொரு பெயர் இருந்த காலம் உண்டு. "பத்து நிமிஷம்." அப்போது முழங்கால்கள் அவர் சொன்னதைக் கேட்டன. வீட்டுக்குள் நுழைவார், இயந்திரத்தைக் கட்டிப்பிடித்து ஒரே மூச்சில் தரையில் சாய்த்துவிடுவார். குனிய வேண்டாம், படுக்க வேண்டாம், வெளிச்சம் நேராக உள்ளே விழும். மோட்டாரைப் பார்ப்பார், சரி. வயரைப் பார்ப்பார், மீட்டர் கத்தும், சரி. மோட்டாரும் சரி, வயரும் சரி என்றால் மிச்சம் என்ன? "போர்டு போச்சு." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்திருப்பார். ஊரில் மற்றவர்கள் அரைநாள் தடவிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார் என்று பேச்சு. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்தது. வந்தது நல்லதற்கில்லை.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போனபின் அவருக்குத் தலைவாரிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், முதன்முதலில் வானொலிப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டத் தெரியாமல் அழுதபோது அப்பாவிடம் "நான்தான் கீழே போட்டேன்" என்று அடியை வாங்கிக்கொண்டதும் அவள்தான். அத்தான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். ஒருநாள் காலை பல்துலக்கும்போது வாய் கோணி, ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதன்பின் படுக்கைதான். ஒரு நாளைக்கு இரண்டு விரிப்பு, சில நாள் மூன்று. அந்த வருஷம்தான் அக்காவின் இயந்திரத்திலும் அந்த எழுத்து மின்னியது.

இவர் போனார். அன்று இன்னும் இரண்டு வீடு பாக்கியிருந்தது. வழக்கம்போல் இயந்திரத்தைச் சாய்த்தார். அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். மீட்டர் கத்தியது. எல்லாம் சரி.

"போர்டு போச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்போ போர்டே வர்றதில்ல. வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே, நான் எடுத்துட்டுப் போயிடறேன். நல்லதா ஒண்ணு கைக்கு வரும்போது கொண்டாந்து போடறேன்."

"நீ சொன்னாச் சரிதான்டா."

வேறு ஆளை அவள் கேட்கவில்லை. தம்பி மெக்கானிக்காக இருக்கும்போது வேறு ஆளைக் கேட்பார்களா? நல்லதாக ஒன்று கைக்கு வந்தது. அதை அவசரமாகக் கேட்ட யாருக்கோ கொடுத்தார். இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே போயிற்று. அக்கா அவசரப்படுத்தவில்லை. அதுதான் வினை. அழுகிற பிள்ளைக்குத்தானே பால். மூன்று வருஷம் அவள் குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, கனத்த ஈர விரிப்புகளை முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள். மூன்றாம் வருஷம் அத்தான் போய்ச் சேர்ந்தார். "இனிமே எனக்கு எதுக்குடா மெஷின், ரெண்டு புடவைக்கு?" என்றாள். மணிக்கட்டு இரண்டும் தேய்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். இப்போது அவளால் ஒரு புட்டி மூடியைத் திறக்க முடியாது. சாவியைத் திருப்பும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

அவளுடைய பழைய இயந்திரம் இவர் வீட்டுக் கொட்டகையில், தலைமேல் பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு கிடந்தது. யாருக்கோ அதே மாடலின் கதவுக் கீல் தேவைப்பட்டதால் ஒருநாள் அதைத் தேடிப் போனார். பின்மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. கையில் மீட்டர் இருந்தது. சும்மா இருக்கிற விரல்களுக்கு வேலை கொடுக்கிறவர்போலக் கோள்சொல்லி வயரில் கவ்விகளை மாட்டினார். மீட்டர் கத்தவில்லை.

கவ்வி சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தார். மாற்றி மாட்டினார். கத்தவில்லை. இயந்திரத்தைச் சற்றே சாய்த்தார். கத்தியது. நிமிர்த்தினார். நின்றது. சாய்த்தார். கத்தியது. தொட்டி ஒரு பக்கம் சரியும்போது வயர் தளர்ந்து, அறுந்த இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. நிமிர்ந்து நின்றால் பிரிந்துகொண்டன. சாய்த்துவைத்துப் பார்க்கிற எவருக்கும் அது சாகும்வரை அகப்பட்டிருக்காது.

அங்கேயே உட்கார்ந்து வயரைப் பற்றவைத்து ஒட்டினார். தண்ணீர்க் குழாயை மாட்டி, மின்சாரம் கொடுத்து, துணி எதுவும் போடாமல் ஓடவிட்டார். டிரம் வெறுமனே சுற்றியது. அலசியது, வடித்தது, பிழிந்தது. ஐம்பது நிமிஷம், ஒரு நொடி குறையாமல். அத்தனை நேரமும் அதன் கண்ணாடிக் கதவின் எதிரே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி, "யாரோடது? சரியாயிடுச்சா?" என்று கேட்டதற்கு, "ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்துதான் இயந்திரங்கள் நிற்கின்றன, அவர் படுக்கிறார். அதற்கு முன் "போர்டு போச்சு" என்று சொன்ன வீடுகள் எத்தனை என்று அவர் கணக்கெடுக்கவில்லை. தைரியம் இல்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று போவார். அவளோ பக்கத்து வீட்டு அம்மாளிடம், "என் தம்பி கை வெச்சாத் தப்பாது. சொந்த அக்கா மெஷினா இருந்தாலும் சும்மா ஒப்பேத்தாம, போச்சுன்னா போச்சுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டான்" என்று பெருமையடித்துக்கொண்டிருப்பாள். வாய்வரை வந்தது தேநீரோடு உள்ளே போய்விடும். இப்படி நாலு வருஷம்.

போன வருஷம் வெளியூரிலிருக்கும் அக்காவின் மகள், அம்மாவின் கையைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு புது இயந்திரம் வாங்கி அனுப்பினாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை அதிலும் ஒரு எழுத்து மின்னியது. கம்பெனி ஆளைக் கூப்பிடச் சொன்னாளாம் மகள். "எனக்கு எதுக்குடி கம்பெனி? எனக்கு என் தம்பி இருக்கான்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாளாம். இதை அக்காவே வாசலில் வைத்துச் சொன்னாள்.

பின்மூடியைத் திறந்தார். சாக்கை விரித்தார். படுத்தார். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குளியலறை வாசலில் உட்கார்ந்தாள்.

"இது என்னடா புதுக் கூத்து? கிழவன் மாதிரி உருண்டுக்கிட்டு. சாய்ச்சு வெச்சுப் பார்க்கறதுதானே?"

"அது நிக்கட்டும்க்கா."

"பழசை அப்படித்தானே பார்த்தே? நான்கூட ஒரு பக்கம் பிடிச்சேனே. சரசரன்னு முடிச்சுட்டியே."

கவ்விகளை மாட்டியிருந்தார். மீட்டர் கத்திக்கொண்டிருந்தது. படுத்திருந்த இடத்திலிருந்து இயந்திரத்தின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியாதது சௌகரியமாக இருந்தது. அதனால்தான் பேச்சு வந்தது.

"அதான்க்கா தப்பு."

"எது?"

"சாய்ச்சது." வயரிலிருந்து கையை எடுத்தார். "அந்த மெஷினுக்கு ஒண்ணுமே இல்லக்கா. ஒரு வயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்துச்சு. சாய்ச்சா ஒட்டிக்கும், நிமித்தினா விட்டுடும். நான் சாய்ச்சு வெச்சே பார்த்தேன். நிமித்திப் பார்க்கல. போர்டு போச்சுன்னு சொல்லிட்டேன். போகல."

பாதங்கள் அசையவில்லை.

"இன்னொரு அஞ்சு நிமிஷம் பார்த்திருந்தா அன்னிக்கே ஓட்டியிருக்கலாம்க்கா. இப்போ ஓடுது. என் கொட்டாயில இருக்கு."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷம்" என்றாள் அக்கா. கேள்வியாக அல்ல. கடையில் சொன்ன எடையைத் திருப்பிச் சொல்வதுபோல. மீட்டர் விடாமல் கத்தியது. "அந்தச் சத்தத்தை முதல்ல நிறுத்துடா."

கவ்வியை எடுத்தார். இப்போது குழாயில் சொட்டுகிற நீர் கேட்டது.

"உங்க அத்தான் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியாதேக்கா."

"நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டிக்கும். பேச்சு வராது. ஒரு வாய் குடிங்கன்னு கிட்ட கொண்டுபோனா, தலையை இப்படித் திருப்பிக்குவாரு. குழந்தை மாதிரி. மொதல்ல எனக்குப் புரியல. அடம்னு நினைச்சு ரெண்டு தடவை திட்டிக்கூட இருக்கேன்." நாற்காலி கிறீச்சிட்டது. "விரிப்பு நனைஞ்சா நான்தானே துவைக்கணும். அதுக்காக."

இயந்திரத்தின் உள்ளே, மோட்டாரின் அருகில், அவர் முகத்துக்கு நேரே ஒரு பிளக் பாதி கழன்று தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் இருந்திருந்தாக் குடிச்சிருப்பாரு" என்றாள் அக்கா.

அவர் நாலு வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் மணிக்கட்டைப் பற்றியவை. தண்ணீரைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அக்கா கேட்டாள். "இதுக்கு என்ன?"

"பிளக்கு கழண்டிருக்கு. அவ்வளவுதான்."

"மாட்டு."

மாட்டினார். கழலாமல் ஒரு இறுக்கு நாடா போட்டுக் கட்டினார். அக்கா எழுந்துபோய் பொத்தானை அழுத்தினாள். விரலால் அல்ல, மடக்கிய விரல்கணுவால். தண்ணீர் இறங்கியது. டிரம் ஒருமுறை தயங்கி, பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிதானமாகப் புரள ஆரம்பித்தது. அவர் தலைக்குப் பக்கத்திலேயே மோட்டார் முனகியது. மின்சாரம் பாய்கிற இயந்திரத்துக்குள் தலையை வைத்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஊருக்கே சொல்கிறவர். ஆனாலும் வெளியே வர மனம் வரவில்லை.

"வெளிய வாடா. எவ்வளவு நேரம் அங்கேயே கிடப்பே?"

சாக்கோடு சேர்ந்து பின்னால் நகர்ந்து வந்தார். அக்கா சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இயந்திரம் மட்டும் தன்பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தது.

"எந்திரி" என்று அக்கா வலது கையை நீட்டினாள்.

அந்தக் கையை அவர் பற்றிக்கொண்டார். இடது உள்ளங்கையை ஈரத் தரையில் அழுத்தி ஊன்றினார். பல்லைக் கடித்து, முழங்கால்கள் நொறுங்குவதுபோல வலிக்க, உடம்பின் பாரம் முழுவதையும் தரையில் ஊன்றிய கையின்மேல் போட்டுத் தானாகவே எழுந்தார், அக்காவின் மணிக்கட்டில் ஓர் இறகின் எடையைக்கூட வைக்காமல்.